புதுவாயலில் தடையற்ற போட்டி

மனிதகுலத்தின் விடுதலை வரிசைகளை ஒழிப்பதில்தான் தொடங்குகிறது என்பது பேராசிரியர் கிஃபாயத்துல்லா கண்டுசொன்ன பேருண்மை. முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றபோது அவருக்கு அது உதித்தது.

பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். முப்பது வருடம் அரசுக் கல்லூரியில் சம்பளம் வாங்கி, அரசு எதிலும் தலையிடக் கூடாது என்று பத்திரிகைகளில் எழுதி, இப்போது பென்ஷனில் நிம்மதியாக இருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் கும்மிடிப்பூண்டித் தொழிலதிபர்கள் சிறப்புரைக்கு அழைத்தார்கள். பதினொரு மணிக்குப் பேச்சு. மச்சான் மொஹசினின் கார் புதுவாயலில் புகைவிட்டு நின்றுபோனது. இனி கோட்டும் சூட்டுமாக ஷேர் ஆட்டோதான் கதி.

முதல் ஆட்டோவில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி, மீன்காரி கன்னியம்மாவின் கூடைக்குப் பக்கத்தில்.

"ஏறு சார், எட்த்துர்லாம்," என்றார் ஓட்டுநர் துலுக்காணம்.

"நான் பின்னால நிக்கிற புது வண்டியில வரேன்."

"அது நாலாவது சார். டர்ன் என்துதான்."

"யார் வெச்ச டர்ன்? எதுல ஏறணும்னு பயணிதான் முடிவு பண்ணணும். போட்டி இருந்தாத்தான் சேவை வளரும்!"

துலுக்காணத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கேட்டீங்களா நைனா? சாரு டர்ன கேன்சல் பண்ட்டாரு! இஷ்டப்பட்ட வண்டில குந்துங்கோ!"

பாட்டுக்காக ஒருவர், ஜன்னலோரத்துக்காக ஒருவர் என்று எல்லோரும் இறங்கி, நாலு ஆட்டோக்களிலும் பரவி உட்கார்ந்தார்கள். எதுவும் நிறையவில்லை. நிறையாமல் எதுவும் கிளம்புவதில்லை. புது வண்டியின் மெத்தை சுகமாகத்தான் இருந்தது.

"எடுப்பா, நேரமாச்சு."

"ஃபுல்லாவணும் சார். டீசலு இன்னா உன் மாமனாரா ஊத்துறாரு?" என்றார் புது வண்டிக்காரர்.

அடுத்த வண்டியிலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள்: "யோவ் கோட்டு! ஒய்ங்கா கெளம்ப இருந்த வண்டிய நிறுத்திப்புட்டு நீ சொகமா குந்திக்கினு கீறியா? என் மீனு நாறுதுய்யா!"

மணி பதினொன்றைத் தாண்டியதும் பேராசிரியர் இறங்கி, ஒவ்வொரு ஆட்டோவாகப் போய்க் கும்பிட்டார். "எல்லாரும் முதல் வண்டிக்கே வந்துடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

கடைசியில் அவருக்குக் கிடைத்தது துலுக்காணத்தின் பக்கத்தில் அரை சீட்டு. மடியில் மீன் கூடை.

அரங்கில் அரைமணி நேரமாகக் காத்திருந்தார்கள். மேடையேறிய பேராசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரசுப் பேருந்தை நம்பினால் இந்தக் கதிதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் மனம் குளிர்ந்தது.

அன்று அவர் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை.