மடியில் வாங்கிக்கொண்ட பை

1

இந்தக் கதை ஒரு பேருந்தில் என் மடிக்கு வந்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பிஷ்கெக் நகரில் நாங்கள் வேலைக்குப் போகும் பேருந்தில் கூட்டம் நெரியும்போது உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். நான் முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவள், எனக்கு இடம் கிடைத்துவிடும். மூன்று நிறுத்தம் தள்ளி ஏறும் அனார்குல் அக்காவுக்குக் கிடைக்காது. மூன்று வருடமாக அவருடைய மடிக்கணினிப் பை என் மடியில்தான் அலுவலகம் வந்தது. பள்ளிப் பாடநூல்களுக்குப் பக்கம் அமைப்பது எங்கள் வேலை, இருவருக்கும் ஒரே அறை. பையின் உள்ளறையிலிருந்து கட்டியாக ஏதோ ஒன்று தினமும் என் தொடையில் குத்தும். "என்னக்கா, கல்லா சுமக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

(மறுபடி கேட்டிருக்க வேண்டும். இப்போதைக்கு இந்த அடைப்புக்குறியை மூடிவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தோர்தோய் சந்தையில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தபோது, ஐம்பத்திரண்டு வயது அனார்குல் தன் மகனுடைய" — அங்கேயே நிறுத்தினேன். முதல் வரியிலேயே மகனைக் கொண்டுவந்தால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். பையைப் பார்க்க மாட்டீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "தினமும் வேலைக்குப் போய்வர நல்ல பை எது?" கட்டுரை வாடை அடித்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது. கணினி, சார்ஜர், சாப்பாட்டு டப்பா மூன்றும் கொள்ள வேண்டும். பனிக்கட்டியில் நடக்க இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதற்கு முதுகுப் பைதான் சரி. ஆனால் பேருந்தில் முதுகுப் பையோடு திரும்பினால் பின்னால் நிற்பவர் நம் வம்சத்தையே இழுப்பார். எல்லா வகையிலும் சரியான பை இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

3

(கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது.)

தோர்தோயில் கடை என்றால் இரும்புக் கொள்கலன். அப்படி ஒன்றில், முக்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தேநீர் குடிக்கிறவர் பை வியாபாரி கெங்கேஷ். அனார்குல் தோளிலிருந்து பழைய பையை இறக்கினாள். வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது, ஜிப்பில் பாதிப் பல் இல்லை.

இதையும் ஒரு பை என்று தூக்கிவந்த தைரியத்தைக் கெங்கேஷ் பாராட்டினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தண்ணீர் இறங்காதது, மெத்தை வைத்தது, சக்கரம் வைத்ததுகூட. அனார்குல் எதன் வெளிப்புறத்தையும் பார்க்கவில்லை. திறந்தாள், உள்ளே கைவிட்டுத் துழாவினாள், வைத்துவிட்டாள்.

"அப்படி உள்ள என்னதான் தேடறீங்க அக்கா?"

"உள்பாக்கெட். உள்ளங்கை அளவு இருந்தாப் போதும். வைக்கிறது நசுங்கக் கூடாது."

"மருந்தா?"

"இல்ல."

இனி மகனைச் சொல்லலாம். மூன்றரை வருடத்துக்கு முன், மாஸ்கோவில் கிடங்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், எர்மெக் ஊர் வழக்கப்படி வீட்டு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போனான். மிச்சத்தைத் தாய் பத்திரமாக வைத்திருப்பாள், திரும்பி வருகிறவன் வந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான்காம் மாதம் சவப்பெட்டி வந்தது. நாற்பதாம் நாள் கழிந்ததும், ரொட்டியைப் பறவைகளுக்குப் போட்டுவிடு என்றார்கள் உறவுக்காரர்கள். ரொட்டியைக் குப்பையில் போடுகிறவர் இங்கே கிடையாது. தரையில் கிடந்தால்கூட எடுத்து உயரத்தில் வைப்பார்கள், இல்லை தின்றுவிடுவார்கள். அனார்குலால் எதுவும் முடியவில்லை. எர்மெக் விட்டுப்போன கல்லூரிப் பையின் உள்ளறையில் அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்து, வேலைக்கு எடுத்துப்போகத் தொடங்கினாள். அவன் பல் பதிந்த தடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

4

சாம்பல் நிறப் பை ஒன்று ஏறக்குறையப் பிடித்திருந்தது. கணினியை அதில் போட்டுக்கொண்டு வரிசையின் கோடி வரை நடந்து பார்க்கச் சொன்னார் கெங்கேஷ். அவள் போனாள். பழைய பை கடையிலேயே இருந்தது. மிச்சச் சாமான்களை எடுத்து வைத்தால் மாற்றச் சுலபமாக இருக்குமே என்று கெங்கேஷ் உள்ளறைக்குள் கைவிட்டார். காய்ந்த ரொட்டி. யாரோ கடித்துவிட்டு மறந்தது. வீணாகலாமா? 'பிஸ்மில்லா' சொல்லித் தேநீரில் தோய்த்தார். அனார்குல் திரும்பி வந்தபோது கடித்த தடம் இருந்த பக்கம் அவர் வாயில்

5

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு ஒரு மாதமாக வரவில்லை. முடிவுகள் என்னவோ வந்தன.

முடிவு ஒன்று: அனார்குல் சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறாள். வேண்டாம், அவள் கத்துகிறவள் இல்லை.

முடிவு இரண்டு: அவளும் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தேநீர் கேட்டு, மீதி ரொட்டியை மகனுக்குப் பதிலாகத் தின்று முடிக்கிறாள். வெளியே பனி விழத் தொடங்குகிறது. இரண்டு பக்கம் எழுதினேன், அழகாக இருந்தது. எழுதியவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கெங்கேஷ் என்று ஒருவர் இருக்கிறார். சாம்பல் நிறப் பையை அவர்தான் விற்றார். வெறும் பையைக் கொடுக்கக் கூடாதென்று அதற்குள் ஒரு நாணயம் போட்டுக் கொடுத்தார். பாவம் மனிதர், அவர் எதையும் தின்னவில்லை.

தின்றது நான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி. அக்கா பழைய பையையும் புதிய பையையும் மேசையில் வைத்து மாற்றிக்கொண்டிருந்தபோது இயக்குநர் கூப்பிட்டார். நான் மாற்றி வைக்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். ஒரு நொடி தயங்கினார். மூன்று வருடமாகப் பையை மடியில் வைத்திருந்தவள் கேட்கிறேன், எப்படி மறுப்பார்? என் மேசையில் தேநீர் இருந்தது. கைக்குட்டைக்குள் ரொட்டி இருந்தது.

இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வீடுகளில் ஆணியில் தொங்கும் கடித்த ரொட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அர்த்தமும் தெரியும். எதுவும் தெரியாத வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன், அக்கா அதைப் பொறுக்கி எடுத்திருப்பார், தடமாவது தப்பியிருக்கும். நான் ஊர்க்காரியைப் போலவே செய்தேன்: யாரோ மறந்த மிச்சம், வீணாகக் கூடாது என்று தேநீரில் தோய்த்தேன்.

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"கடிச்ச பக்கம்?"

அது என் வாயில் இருந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. விழுங்கினேன்.

மீதியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். புதிய பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். மாலை வரை மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆப்பிள்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட மன்னிப்பு காதில் விழுந்ததா என்பது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கெங்கேஷின் கடைக்குப் போனேன். எதற்கென்று இன்றும் விளங்கவில்லை. விசாரித்ததும், சாம்பல் பை வாங்கிய அக்காவா என்று அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. முதுகுப் பைதான் நல்லது, பனியில் கை இரண்டும் சும்மா இருக்கும் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தாராம். கேட்கவில்லையாம்.

"பஸ்ல தங்கச்சி ஒருத்தி தெனமும் வாங்கிப்பா. சட்டுனு கழட்டி அவ கையில குடுக்கற மாதிரி இருக்கணும்னாங்க. வேற எதுவும் காதுலயே போட்டுக்கல."

இந்தக் கதையில் கெங்கேஷ் பேசியதில் நானாகக் கட்டி எழுதாதது இது ஒன்றுதான்.

6

செவ்வாய்க்கிழமை. பேருந்து. நான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நிறுத்தம் தள்ளி அக்கா ஏறுகிறார். கூட்டம் தள்ளித் தள்ளி அவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு கை மேலே கம்பியில், ஒரு கை தோளில் பையின் வாரில். பை பிதுங்கிக்கொண்டு என் முழங்காலில் இடிக்கிறது. பழக்கதோஷம், என் கைகள் தாமாக நீண்டுவிட்டன.

அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கொடுத்தார் என்று எழுதினால் எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொண்டதாகும். கொடுக்கவில்லை என்று எழுதினால் அவரைக் கல்நெஞ்சுக்காரி ஆக்கியதாகும். இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் வந்து அவர் இடத்தில் நில்லுங்கள். தரை ஈரமாக இருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பை அதிக கனமில்லை. என் கை இன்னும் நீட்டியபடிதான் இருக்கிறது.