கொத்சுவுக்குத் தடை

1

என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். முதல் வரி இது:

‘2009-ல் சிதம்பரத்தில் ஒரு தனிமனிதன், மரபணு மாற்றிய உணவுக்கு எதிராக...’

[அடித்துவிட்டேன். எட்டிப் பார்த்த என் மனைவி புஷ்பவள்ளி, “அப்புடி யாரும் நம்ம வூட்டுல இல்லியே” என்றாள்.]

2

மரபணு மாற்றிய கத்திரிக்காய் வரப்போகிறது என்று பேப்பரில் படித்த அன்றே வீட்டில் கத்திரிக்காயைத் தடை செய்தேன். அந்த விதை இன்னும் விற்பனைக்கே வரவில்லை என்று அதே பேப்பரில் இருந்தது. அவ்வளவு தூரம் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கத்திரிக்காயை வதக்கி மசித்த கொத்சு இல்லாமல் சிதம்பரத்தில் மூன்று மாதம் இட்லி தின்றோம். (இங்கே மகள் இளமதியை அழவைக்கத் திட்டமிட்டேன். அவளோ காலேஜ் கேன்டீனில் தின்றுவிட்டு வந்தாள்.)

3

ஜனவரியில் கடலூரிலிருந்து எங்கள் நுகர்வோர் சங்கத்தார் இருபது பேர் வந்தார்கள். மரபணு மாற்றிய பொருள் எதுவும் நுழையாத சமையலறை என்று எங்கள் வீட்டைக் காட்டுவதாக நான்தான் கடிதம் போட்டிருந்தேன். கூடத்தில் அவர்கள் உட்கார்ந்த பிறகு, வடை சுட நான் வாங்கிப்போட்ட எண்ணெய் டின்னோடு புஷ்பவள்ளி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

“என்னாங்க, இதுல பருத்திக்கொட்ட எண்ணெ கலந்துருக்குன்னு போட்டுருக்கு. பருத்தியில முக்காவாசி மாத்துன வெததான்னு நீங்கதான சொன்னீங்க?”

“சுத்திகரிச்ச எண்ணெயில ஒண்ணும் மிஞ்சாதும்பாங்க*. இப்பத்திக்கு சும்மா இரு.”

“மிஞ்சுதோ இல்லியோ, வந்தவுங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

இருபது பேர் முன்னால் என் மானம் அவள் கையில் இருந்தது.

*[இதற்கு ஒரு பக்கம் அறிவியல் விளக்கம் எழுதியிருந்தேன். என் பயத்தை மறைக்க எழுதியது. கிழித்தாயிற்று.]

4

தெருவில் கத்திரிக்காய்க் கூடை இறக்கியிருந்த காய்காரி கொளஞ்சியம்மாளிடம் புஷ்பவள்ளி போய்க் கேட்டாள்.

“இதுக்கு வெத எங்கேர்ந்து?”

“எங்கேர்ந்து வரும்? போன வருசம் செடியிலயே பழுக்கவுட்ட காயில எடுத்ததுதான்.”

மூன்று மாதமாக நான் கேட்காத கேள்வி. பதில் கிடைக்க அரை நிமிடம் ஆனது.

வடையையும் டின்னையும் ஓரங்கட்டிவிட்டு, அந்தக் கத்திரிக்காயை வாங்கிச் செக்கு நல்லெண்ணெயில் கொத்சு வைத்து, இட்லியோடு பரிமாறினாள். பரிமாறும்போதே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னைக் காப்பாற்றவும் இல்லை, கேவலப்படுத்தவும் இல்லை. சங்கத் தலைவர் தங்கராசு மூன்று முறை கொத்சு கேட்டார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

5

முடிவு ஒன்று: பிப்ரவரியில் அரசு அந்தக் கத்திரிக்காயை நிறுத்திவைத்தது, ஜெயித்தது நான்.

முடிவு இரண்டு: நான் திருந்தி...

இரண்டும் வேண்டாம். கடலூரில் நடத்தும் கூட்டத்துக்குச் சங்கத்தார் என்னை விட்டுவிட்டு அவளைத்தான் பேசக் கூப்பிட்டார்கள். இதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மைக்கைப் பிடித்து அவள் சொன்ன முதல் வாக்கியம்: “மொத தப்பு எங்க வூட்டுலதான் நடந்துது.”

மண்டபமே கைதட்டுகிறது. நானும் தட்ட வேண்டும், பேனாவைக் கீழே வைக்கிறேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.