கைராசிக்காரர்

அக்கா புருஷனின் மருந்துக்கடையில் இரவு ஷிப்ட் என்னுடையது. காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அத்தானைக் கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். பள்ளிக்கூட விழா என்றால் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

காலையில் கல்லாச் சாவியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த நெஞ்சுச்சளி, உள்ளறையில் படுத்திருக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு மாத்திரை இறங்காது. அதனால் டாக்டர் இருவருக்கும் ஒரே சிரப்பை எழுதியிருந்தார்.

"குட்டிப்பிசாசு எழுந்துடுச்சு போல" என்றேன்.

"அவளுக்கு நேத்தே விட்டுடுச்சு. அம்மாவுக்குத்தான் கூடிக்கிட்டே போகுது" என்றாள் அக்கா.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அம்மாவின் பாட்டிலில் எங்கள் கடை ஸ்டிக்கர். குழந்தையின் பாட்டில் அடுத்த தெருக் கடையின் கவரில் இருந்தது.

"இது ஏன்க்கா அங்க வாங்கினது?"

"நம்ம கடையில ஸ்டாக் இல்லையாம். உங்க அத்தானே போய் வாங்கினார். டீக்கடைக்காரர் எதிர்க்கடையில டீ குடிச்ச மாதிரி" என்று சிரித்தாள்.

அந்த சிரப்பைத்தான் போன வாரம் அலமாரி நிறைய அடுக்கினேன். பெட்டிகளை அத்தானே தன் காரில் கொண்டுவந்து இறக்கினார். பில் எங்கே என்றதற்கு, உனக்கெதுக்கு அது என்றார். உள்ளே அம்மா இருமினாள்.

"என்ன மாப்ள, தூங்கப் போகல?"

அத்தான் தலையைத் துவட்டியபடி நின்றார். நான் அம்மாவின் பாட்டிலைத் திறந்து ஸ்பூனில் ஊற்றினேன்.

"பாப்பா, மாமாகிட்ட ஆ காட்டு."

அவள் வாயைத் திறந்தாள். உண்மையிலேயே கொடுத்திருப்பேனா, தெரியவில்லை. ஸ்பூன் பறந்து சுவரில் மோதியது. அத்தான் குழந்தையை இழுத்துத் தன் காலோடு அணைத்துக்கொண்டார்.

அக்கா சுவரில் வழிந்த மருந்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் அறையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது.

"அதுல என்ன இருக்கு அத்தான்?"

"வெறும் கலர் தண்ணி, மாப்ள."

"அப்புறம் ஏன் தட்டி விட்டீங்க?"

அத்தான் குனிந்து ஸ்பூனை எடுத்தார்.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போனா என்ன கொடுத்தீங்கன்னு கேப்பாங்களே" என்றார், கடைக்கு வருபவர்களிடம் பேசும் அதே இதமான குரலில். பிறகு அக்காவிடம், "வாசக்கதவைச் சாத்தும்மா" என்றார்.

அக்கா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"கதவைத் திறந்து வைடி, மூச்சு முட்டுது" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.