வலதுகால் சப்பாத்து

எங்கள் ரெனிஸ் தரையில் கனகலிங்கம் சேரின் பந்து ஒருநாளும் வெளியே விழுந்ததில்லை. கிளிநொச்சிக்குப் படிப்பிக்க வந்த முதல் கிழமையே இதைக் கவனித்தேன்.

அவர் குளம், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் குளத்துக் கந்தோரின் இஞ்சினியர். உத்தியோகத்தர் கழகத்தின் தலைவரும் அவரே. நல்ல உயரம், நல்ல வேகம். பக்கக் கோட்டை ஒட்டி அடிக்கும் அடியில் அவருக்குப் பெருமை அதிகம். அந்த அடி பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளித்தான் விழும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் உடனே ஓடிப்போய், வலதுகால் சப்பாத்தின் நுனியால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, "நல்ல அடி, சேர்!" என்பார்.

தேய்க்கவேண்டியதற்குக் காரணம் தரை. காட்டோரத்துப் புற்றுகளை வெட்டி, மண்ணை அரித்து, நீர் தெளித்து, றோட்டு உருளையால் உருட்டிச் செய்த தரை அது. பின்னேர ஈரத்தில் பந்து விழுந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு தடம் கிடக்கும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று யாரும் வாதாடத் தேவையில்லை. குனிந்து பார்த்தால் போதும். எங்கள் கழகத்தில் அவர் குனிந்து பார்ப்பதற்கு முன்னே தடம் போய்விடும்.

நான் பௌதிகம் படிப்பிக்கிறேன். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை வாயால் முடிவு செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பேசாமல் இருந்தேன். புது ஆட்கள் முன்னால் என் வாய் இலேசில் திறக்காது. கொழும்பில் பட்டம் படித்தபோது பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் விளையாடியவள் நான். அங்கேயும் அப்படித்தான். பேசத் தயங்குவேன், பந்தை அடிக்கத் தயங்கமாட்டேன்.

வருடத்தில் ஒருமுறை வவுனியாக் கழகத்துடன் போட்டி. ஐந்து ஆட்டங்கள். கடைசி ஆட்டம் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது. எங்கள் பக்கத்தில் விளையாடத் தெரிந்த பெண் இல்லாததால் அதை ஒவ்வொரு முறையும் விளையாடாமலே விட்டுக்கொடுத்து வந்தார்கள். இந்த முறை கனகலிங்கம் சேர் கழகத்து வாங்கில் எல்லோரையும் இருத்திவைத்து அறிவித்தார்.

"இந்த முறை மிக்ஸ்டை விடுறேல்லை. ரீச்சரும் நானும்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரச் சுணங்கியது. அந்த ஆட்டத்தில் விளையாடவேண்டும், வெல்லவேண்டும். கிளிநொச்சியில் நான் ஆசைப்பட்ட முதல் விடயம் அதுதான்.

பயிற்சிக்கு எங்களுக்கு எதிரே அத்தானும் மார்கிறட்டும் ஆடினார்கள். அத்தான் யோகலிங்கம், என் அக்காவின் புருஷன், கனகலிங்கம் சேரின் கீழ் வேலை செய்பவர். அவருடைய குவாட்டர்ஸில்தான் நானும் இருந்தேன். மார்கிறட் ஆஸ்பத்திரி நேர்ஸ், முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண்; இப்போதுதான் ஆடப் பழகுகிறாள். கவுனோடு விளையாடுவாள். அக்கா எனக்குக் கணுக்கால்வரை தைத்துத் தந்த வெள்ளைப் பாவாடையைப் பார்த்து, "ரீச்சர், பந்து உள்ளுக்குப் போனா நாளைக்குத்தான் எடுக்கலாம்" என்பாள்.

சேரின் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழுந்தன. அத்தான் தேய்த்தார். மார்கிறட்டும் தேய்த்தாள். நாங்கள் ஒவ்வொரு நாளும் வென்றோம். வெல்ல வெல்ல எனக்குக் கலக்கம் கூடியது. அந்த ஆட்டத்தோடு வவுனியாவுக்குப் போனால் தோற்போம்.

"எடி, அவர் வெளியில அடிச்சா உனக்கென்ன?" என்றாள் அக்கா சிவனேஸ்வரி. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அந்தக் கோடு என்ன, உன்ர கூறைச்சீலைக் கரையோ?"

"வவுனியாவிலயும் கோடு இருக்கு, அக்கா."

"அதை அங்க போய்ப் பார். இஞ்ச வாயைத் திறந்தியெண்டா உன்னை விட்டுட்டு மார்கிறட்டைக் கூட்டிக்கொண்டு போவார். உன்ர அத்தானை எங்கயாவது காட்டுக்குள்ள தூக்கிப் போடுவார்."

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதையும் யோசித்தேன். பேசாமல் இருந்து தோற்பதா, பேசி இடத்தை இழப்பதா? இரண்டாவதில், அவர் கேட்டுக்கொள்வார் என்று ஒரு சிறு வாய்ப்பாவது இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் சேரிடம் போனேன்.

"சேர், இண்டைக்கு நான் மற்றப் பக்கம் நிக்கட்டோ?"

"ஏன் ரீச்சர்?"

"உங்கட அடியை எதிர்ப்பக்கத்தில நிண்டு பாக்கவேணும்."

அவருக்குச் சந்தோசம். மார்கிறட் அவர் பக்கம் போனாள். நான் அத்தானோடு நின்றேன். சற்று நேரத்தில் அந்தப் பெரிய அடி வந்தது. பந்து என்னைத் தாண்டி, கோட்டைத் தாண்டி விழுந்தது. அத்தான் தரையின் மற்ற ஓரத்திலிருந்து ஓடிவந்தார், வலதுகால் ஏற்கனவே முன்னால் நீண்டிருந்தது. நான் றக்கெற்றைத் தடத்துக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டேன்.

"வெளியில, சேர்."

என் குரல் எனக்கே கேட்டது.

"இல்லை சேர், கோட்டில பட்டது. நான் பாத்தனான்!" என்றார் அத்தான்.

"வந்து பாருங்கோ, சேர்."

கனகலிங்கம் சேர் வலையைச் சுற்றி வந்தார். குனிந்தார். கோட்டுக்கும் தடத்துக்கும் இடையே கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண். எழும்பாமல், கோட்டின் வெளிப்புறம் நெடுகப் பார்த்தார். அங்கே மண் தேய்ந்து தேய்ந்து மினுங்கிக் கிடந்தது. பிறகு அவர் கண் அத்தானின் கால்களுக்குப் போனது. இடது சப்பாத்து வெள்ளை. வலது சப்பாத்தின் நுனி செம்மண் நிறம்.

"யோகலிங்கம், உம்மட வலதுகால் சப்பாத்துக்கு என்ன?"

"அது... சேறு, சேர்."

"அப்ப இடதுகால் சேத்துக்குள்ள போறேல்லையோ?"

மார்கிறட் வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "அது அவர் பிரேக் பிடிக்கிற கால், சேர்."

அவர் திரும்பி அவளுடைய கால்களைப் பார்த்தார். அதிலும் அதே நிறம். வாங்கைப் பார்த்தார். வாங்கில் இருந்த கிளாக்கர்மார் எல்லோருடைய வலதுகாலும் ஒரே நேரத்தில் வாங்குக்கு அடியில் போனது.

அவர் எழும்பினார். றக்கெற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அத்தான் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், தேத்தண்ணியைத் தொடாமல் ஆறவிட்டார்.

"துணுக்காய்க் காட்டுக்குத்தான் போடப்போறார்" என்றார் கடைசியில்.

"வவுனியாவில வெளியில எண்டுதான் சொல்லுவினம், அத்தான். அண்டைக்கு நீங்கள் ஓடிவந்து தேய்க்கேலாது."

"அது அண்டைக்கெல்லோ பிள்ளை! நான் இண்டையைப் பற்றிக் கதைக்கிறன்."

"சொன்னது பிழையோ?"

"சரிதான். அதுதானே கரைச்சல்."

அந்தக் கிழமை சேர் கழகத்துக்கு வரவில்லை. என் இடம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்லவும் இல்லை. நான் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் தனியே தரைக்குப் போய்ப் பந்து போட்டுப் பழகினேன். இடம் போனால் போகட்டும், என் கை தயாராக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை தரைக்குப் போனபோது அவர் அங்கே நின்றார். கழகத்து வாளி நிறையப் பழைய பந்துகள். தரையில் தானே நீர் தெளித்திருக்கவேண்டும், களிசானின் கால்கள் நனைந்திருந்தன.

"எத்தினை வருஷமா இப்பிடி, ரீச்சர்?"

"தெரியாது, சேர். நான் வந்து கொஞ்ச நாள்தானே."

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை, சேர்."

அவர் என்னைப் பார்த்தார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒரு பந்தை எடுத்து என்னிடம் எறிந்தார்.

"அங்கால போய் நிண்டு போடுங்கோ."

போட்டேன். அடித்தார்.

"எங்க?"

"வெளியில. ஒரு சாண்."

"இது?"

"வெளியில. நாலு விரல்."

"இது?"

"கோட்டில."

"உண்மையாவோ?"

"வந்து பாருங்கோ."

ஒவ்வொரு முறையும் வலையைச் சுற்றி வந்து பார்த்தார். அவருடைய தவறு பெரிதல்ல. அடிக்கும்போது தோளைச் சற்று முந்தித் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான். யாராவது சொல்லியிருந்தால் எப்போதோ திருத்தியிருப்பார். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை அடித்தோம். போகும்போது, "நாளைக்கும் வாங்கோ. யோகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. துணுக்காய்க்கு இப்ப ஆள் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார்.

வவுனியாவுக்கு இரண்டு ஜீப்பில் போனோம். புளியங்குளத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். மார்கிறட் எல்லோருடைய சப்பாத்தையும் பார்வையிட்டு, "இண்டைக்கு எல்லாம் ஒரே நிறம்" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நான்கு ஆட்டங்கள் முடிந்தன. இரண்டு அவர்களுக்கு, இரண்டு எங்களுக்கு. எல்லாம் எங்கள் ஆட்டத்தில் வந்து நின்றது. எதிரே மயில்வாகனம் என்ற பெரிய இஞ்சினியரும் நேசமலர் என்ற டொக்டரின் மனைவியும். நேசமலர் அருமையாக ஆடினா. மயில்வாகனம் பலமாக அடித்தார். அவர் கனகலிங்கம் சேருக்கும் மேலதிகாரி. சேரின் பதவி உயர்வு அவருடைய மேசையில் கிடப்பதாக அத்தான் ஜீப்பில் சொல்லியிருந்தார்.

முதல் செற் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. கனகலிங்கம் சேரின் அடிகள் இப்போது கோட்டைத் தொட்டுக்கொண்டு விழுந்தன. நேசமலர் இரண்டு முறை றக்கெற்றில் தட்டிப் பாராட்டினா. மூன்றாவதில் முந்தி நின்றோம். இன்னும் ஒரு புள்ளி வேண்டும்.

நான் பந்தைப் போட்டேன். நேசமலர் திருப்பினா. நான் மயில்வாகனத்தின் காலடிக்கு அடித்தேன். அவர் எட்டிப் பிடித்து, முழுப் பலத்தோடு சேரின் பக்கம் அடித்தார். பந்து சேரைத் தாண்டிப் பின்கோட்டுக்கு அப்பால் விழுந்தது. நான் பார்த்தேன். நாலு விரல் வெளியே. தடம் தெளிவாகக் கிடந்தது.

உயரக் கதிரையில் இருந்த நடுவர் மயில்வாகனத்தின் கந்தோர்க் கிளாக்கர். அவர் வானத்தைப் பார்த்தார்.

"நல்ல அடி, சேர்!" என்று வவுனியா வாங்கில் இருந்து குரல்கள் வந்தன.

கனகலிங்கம் சேர் தடத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய வலதுகால் மெல்ல மேலே எழும்பியது. அவர் நினைத்துச் செய்தார் என்று நான் நம்பவில்லை. எதிரே நின்றது மேலதிகாரி. கால் அதை அறிந்திருந்தது.

"சேர்," என்றேன். "கால்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அந்தரத்தில் நின்றது. சப்பாத்து அப்பழுக்கில்லாத வெள்ளை. பிறகு அதைத் தடத்துக்கு மேலல்ல, பக்கத்தில் வைத்தார்.

"வெளியில, சேர்," என்றார் உரத்து.

வாங்கில் இருந்தவர்கள் மயில்வாகனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளியிலயோ?" மயில்வாகனம் சிரித்தார். "என்ர அந்த அடி பிழைக்கிறேல்லையே, கனகலிங்கம்."

"வந்து பாருங்கோ, சேர்."

நேசமலர் வலைக்கு அங்கால நின்றே சொன்னா: "எனக்கு இஞ்ச இருந்தே தெரியுது. வெளியிலதான்." சொல்லிக்கொண்டே எனக்குக் கை தர வந்தா.

மயில்வாகனம் வலையைச் சுற்றி நடந்து வந்தார். கனகலிங்கம் சேர் குனிந்து, கோட்டுக்கும் தடத்துக்கும் இடையே நான்கு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். மயில்வாகனம் வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பந்து தவறுறதுதான்" என்றார்.

"ஒண்டு மட்டும்தானோ எண்டு எனக்குத் தெரியாது, சேர்" என்றார் கனகலிங்கம் சேர். அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "உங்கட ஆக்களின்ர வலதுகால் சப்பாத்தை ஒருக்காப் பாருங்கோ."

மயில்வாகனம் நிமிர்ந்தார். உயரக் கதிரையில் நடுவரின் வலதுகால், கதிரைக் காலுக்குப் பின்னால் மெதுவாக மறைந்துகொண்டிருந்தது.