ஒரே குறியீட்டில் இரண்டு கம்பெனி

ஆம்பூரில் பவித்ரன் ஃபுட்வேர் என்ற ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைக் கவனிப்பவள் சௌந்தர்யா. நான்கு வருடமாக அதே நாற்காலி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் காகிதம் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்த மெயிலை அவள் மூன்று முறை படித்தாள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் தபரேஸின் அறைக்குப் போனாள்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க. அமெரிக்கா ஏஜென்ட் அனுப்பியிருக்காரு."

ஷூ வாங்கும் கம்பெனிக்காக அங்கே கஸ்டம்ஸ் வேலை பார்ப்பவர் அனுப்பிய மெயில் அது. 'உங்கள் தொழிற்சாலை கொடுத்த விளக்கத்தின்படி, தோலை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து நான்கு நாள் வெயிலில் காயவைக்கிறீர்கள். இது சரியா என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். உறுதி செய்யவும்.'

தபரேஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா இப்படி எழுதிக் குடுத்தது? நம்ம தோலு ராணிப்பேட்டை டேனரியில பதம் பண்ணி ரெடியா வருது. மோர்ல ஊற வைக்கிறதுக்கு அது இன்னா மோர் மிளகாயா?"

அவர் எரிச்சலில்தான் சொன்னார். எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு கண்டெய்னர்களை அங்கே துறைமுகத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஷூவைச் சுற்றிய காகிதத்தை உதறிப் பார்த்திருந்தார்கள். மூன்றாவதும் இப்படி ஆனால் அடுத்த சீசன் ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வாங்குபவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சௌந்தர்யா இடத்துக்குத் திரும்பி, சோதனை அறிக்கைகளை எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் சோதனைக்கான காரணம் ஒன்றுதான்: பூச்சி இருக்கிறதா என்று பார்க்க. அதை முன்பே படித்திருந்தாள். ஏதோ வழக்கமான சோதனை என்று விட்டுவிட்டாள். இப்போது அது உறுத்தியது. ஷூ பெட்டியில் எதற்குப் பூச்சி தேடுகிறார்கள்? மோர் மிளகாயில் தேடினால் அர்த்தம் உண்டு.

அறிக்கையின் மேல்மூலையில் தயாரிப்பாளர் குறியீடு என்று ஒன்று இருந்தது. அங்கே தாக்கல் செய்யும் காகிதங்களில் ஏஜென்ட் போடுவது. அவள் அதை எழுத்து எழுத்தாகப் பிரித்தாள். முதலில் இந்தியாவுக்கு ஐ, என். பிறகு பி, ஏ, வி. அது பவித்ரன். எஃப், ஓ, ஓ. அது ஃபுட்வேர். அடுத்து 27, கம்பெனியின் கதவு எண். கடைசியில் ஆம்பூருக்கு மூன்று எழுத்து. பெயரிலிருந்தும் விலாசத்திலிருந்தும் கிள்ளி எடுத்துச் சேர்த்த குறியீடு. அப்படியானால் இதே எழுத்தில் தொடங்கும் பெயரும் இதே கதவு எண்ணும் உள்ள இன்னொருவர் ஊரில் இருந்தால்?

சென்னையில் அவர்களுடைய சரக்கை ஏற்றிவிடும் டேனியலுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, ஆம்பூர்லேர்ந்து சாப்பாட்டு ஐட்டம் அனுப்புறவங்க யாராவது தெரியுமா?"

"வத்தல், அப்பளம் அனுப்புற ஒரு அம்மா இருக்காங்க. பவளமணி ஃபுட்ஸ். ஏன்?"

அவள் அதை ஆங்கிலத்தில் எழுதினாள். பவளமணியிலும் பி, ஏ, வி. ஃபுட்ஸ். அதிலும் எஃப், ஓ, ஓ.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், டேனியல் சொன்ன விலாசத்துக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரெட்டித்தோப்புப் பக்கம் ஒரு தெருவில், 27 என்று எழுதிய பச்சைக் கேட். உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடியைச் சுற்றிப் புது கொசுவலை அடித்திருந்தது. கம்பெனியை நடத்தும் கோவிந்தம்மாள் வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சௌந்தர்யாவின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாம்மா, எங்கேர்ந்து வர்றீங்க? செக்கிங்கா?"

"இல்லக்கா. பவித்ரன் ஷூ கம்பெனி. உங்க மோர் மிளகாயப் பத்திக் கேக்கணும்."

"ஷூ கம்பெனிக்கு மோர் மிளகா எதுக்கு?"

சௌந்தர்யா மெயிலைப் படித்துத் தமிழில் சொன்னாள். கோவிந்தம்மாள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். கல்லூரி முடித்துவிட்டு அம்மாவுக்குக் கணக்கும் கடிதமும் பார்க்கும் ஜோதி வந்தாள். கேட்டதும் அவளுக்கு முகம் சிவந்தது.

"அத நான்தாங்க எழுதினேன். போன வருஷம் எங்க வத்தல்ல வண்டு இருந்துச்சுன்னு அங்க புடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ஃபார்ம் வந்துச்சு. ஸ்கின் எப்படிப் பக்குவம் பண்றீங்க, எங்கேர்ந்து வாங்குறீங்கன்னு கேட்டிருந்தாங்க. மிளகாய்த் தோலத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சி, தோல் உரிக்கிறதில்ல, மோர்ல ஊறப்போடுறோம்னு எழுதிட்டேன்."

முதலில் சிரித்தது கோவிந்தம்மாள்தான். சிரித்து முடித்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க வலையெல்லாம் அடிச்சிருக்கீங்களே, அதுக்கப்புறமும் நிறுத்துறாங்களாக்கா?" என்று சௌந்தர்யா கேட்டாள்.

"பூச்சி இல்லன்னு பார்த்தப்புறமும் விடல. தோல் பேப்பர் எங்கன்னு கேட்டே ரெண்டு வாட்டி நிறுத்திட்டாங்க. பேஜாராப் போச்சி. மூணு மாசமா அமெரிக்காவுக்கே அனுப்பல."

சௌந்தர்யா அன்று மாலையே எல்லாவற்றையும் எழுதி, இரண்டு கதவு எண்களின் படத்தோடு ஏஜென்டுக்கு அனுப்பினாள். பதில் மறுநாள் வந்தது. ஒரு நிறுவனத்துக்கு உலகம் முழுக்க ஒரே ஒரு எண் கொடுக்கும் முறை இருக்கிறது, அதைக் குறியீட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்ய இப்போது வழி உண்டு, யார் யார் என்று பிரித்துச் சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தார். தபரேஸ் முதலாளியிடம் பேசி ஒரே நாளில் சம்மதம் வாங்கினார். ஜோதியோடு உட்கார்ந்து பவளமணிக்கும் சௌந்தர்யாவே விண்ணப்பம் போட்டாள்.

மூன்றாவது கண்டெய்னர் அங்கே போய்ச் சேர்ந்த வாரம் சௌந்தர்யா மணிக்கொரு முறை மெயிலைத் திறந்து பார்த்தாள். துறைமுகத்தில் அதைத் திறக்காமலே விட்டார்கள். ஆர்டர் கையை விட்டுப் போகவில்லை. மோர் மிளகாயை மட்டும் ஒரு முறை நிறுத்திப் பார்த்தார்கள். வண்டு இல்லை, அனுப்பிவிட்டார்கள். கோவிந்தம்மாள் போனில் சொன்னாள்: "இந்த வாட்டி எங்க பொட்டிய எங்களுக்காகத் தொறந்தாங்க. அது பரவால்ல."

அடுத்த மாதம் வாங்குபவர்கள் தோல் வரும் டேனரியின் அந்த உலக எண்ணையும் கேட்டார்கள். கட்டாயமில்லை, இருந்தால் கொடுங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள். போனிலேயே கேட்டிருக்கலாம். சௌந்தர்யா தபரேஸிடம் சொல்லிவிட்டு ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

இத்தனை வருடம் அவள் டைப் அடித்த விலாசம் அது. நேரில் பார்த்தது அன்றுதான். மேற்பார்வையாளர் நவீன்குமார், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர உருளைகளைத் தாண்டி, நனைந்த தரையில் பார்த்து நடக்கச் சொல்லி ஆபீசுக்குக் கூட்டிப்போனார். டேனரியின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"எங்களுக்குப் பச்சத் தோலு குடுக்குறவங்க பதினோரு பேரு. அவங்களுதும் கேட்டாங்களா?"

"இல்ல சார். எனக்குத்தான் தெரிஞ்சிக்கணும். ஒருத்தர் ஒருத்தரா சொல்றீங்களா?"

அவர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.