நல்ல குடிமக்களுக்கான ஒத்திகை

குடிமைப் பாடம் நடத்துகிற டீச்சருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. நாற்றத்தால் அல்ல. நாற்றம் பழகிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக் கழிவறைத் தொட்டி நிரம்பி மாதக்கணக்காகிறது. லாரியைக் கூப்பிட்டு இறைத்திருக்கலாம். ஆனால் தாளாளர் பின்சுவரில் ஓர் ஓட்டை போட்டு, குழாயைச் செருகி, சகலத்தையும் பின்தெருவுக்குத் திருப்பிவிட்டார். ஆசிரியர் அறையின் பின்ஜன்னலை ஆணி அடித்து மூடினார்கள். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது, அவர்களுக்கு.

சோறு இறங்காததற்குக் காரணம் விழா. 'பொறுப்புள்ள குடிமக்கள் நாள்' என்று ஆண்டுதோறும் ஒரு கூத்து நடக்கும். யாராவது ஓர் அதிகாரி வருவார். பிள்ளைகள் தாமாகவே எழுந்து கேள்வி கேட்பார்கள். அந்தத் 'தாமாகவே'க்கு இரண்டு வாரம் ஒத்திகை. யார் எதைக் கேட்பது, கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நெற்றியைச் சுருக்கி யோசிப்பது, பதில் வந்ததும் எப்படி வியப்பது என்று எல்லாவற்றையும் டீச்சர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதிகாரிக்கு மட்டும் சிரமம் வைக்கலாமா? பதில்களைப் பெரிய எழுத்தில் வரிசையாக அச்சடித்து முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். கேள்வியும் பள்ளிக்கூடத்துடையது, பதிலும் பள்ளிக்கூடத்துடையது. அந்த மனிதர் வாயை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் வந்தவர் நகராட்சி சுகாதார அதிகாரி. அவரிடம் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி, கடைசி வகுப்பில் படிக்கிற ஒரு பெண். ஆசிரியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. எந்த வகுப்பானாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பாள். மற்றவர்களுக்கு அவளைக் கண்டாலே எரிச்சல், டீச்சருக்கோ கொள்ளைப் பிரியம். அவள் வீடு பின்தெருவில், குழாய் வாய் திறக்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அம்மா தையல் ஆலையில் வேலை பார்த்தாள். தங்கைக்கு முழங்காலுக்குக் கீழே ஒரே புண். இவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. நன்னடத்தைச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். அதில் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

'ஐயா, ஆரோக்கியமாக இருக்கத் தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?' என்பதுதான் அவளுக்கு ஒதுக்கிய கேள்வி. ஒத்திகையில் பிசிறில்லாமல் கேட்டாள். விழா அன்று முறை வந்ததும் எழுந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், எங்க ஸ்கூல் கக்கூஸ் தண்ணி எங்க தெருவுலதான் வந்து தேங்கி நிக்குது. அதுல நடந்து நடந்து என் தங்கச்சிக்குக் கால் எல்லாம் புண்ணு. அந்தத் தண்ணிய என்ன சார் பண்றது?"

அதிகாரி தலையைத் தூக்கவே இல்லை. அடுத்த பதில் எது என்று விரலால் தேடிப் பிடித்தார். மைக்கை நெருக்கி வைத்துக்கொண்டு கணீரென்று படித்தார்.

"மிக நல்ல கேள்வி. காலையில் எழுந்ததும் இரண்டு குவளை குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது பருகிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் மறக்காமல் கொடுக்க வேண்டும்."

அரங்கத்தில் எங்கோ பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்றான், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தன் பேச்சுக்கு இத்தனை ரசிகர்களா என்று அதிகாரியும் கூடச் சேர்ந்து சிரித்தார். யாரோ வந்து காதில் விஷயத்தைச் சொன்னார்கள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கேடயத்தைக்கூட வாங்காமல் காரில் ஏறிவிட்டார். டீச்சரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று.

அந்தச் சிரிப்பு தாளாளர் அறைக்குள் போகிறவரை தாங்கியது. அங்கே வாசனைத் தெளிப்பான் குமட்டக் குமட்ட மணத்தது.

"எவ்வளவு செலவு பண்ணி ஒழுக்கம் சொல்லிக் குடுக்கிறோம்! இதுதான் நீங்க வளத்த லட்சணமா?"

"சார், அந்தக் குழாயை எடுத்துட்டோம்னா..."

"குழாயைப் பத்தி இங்க யாரு பேசினா? நான் நடத்தையைப் பத்திப் பேசறேன்." தாளாளர் உள்ளங்கையில் கிருமிநாசினி ஊற்றிப் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் வந்து நிக்கட்டும். நான் சொன்னது பொய், புத்தி கெட்டுப் பேசிட்டேன்னு மன்னிப்புக் கேக்கட்டும். இல்லேன்னா சான்றிதழ்ல நடத்தை மோசம்னு எழுதிடுவேன். அப்புறம் நர்ஸாவது கிர்ஸாவது."

தெருவில் மலத்தை ஓடவிட்டவர், அதைச் சொன்ன பெண்ணின் நடத்தைக்கு மதிப்பெண் போடப்போகிறார். டீச்சருக்கு அந்த மேஜைமீதே வாந்தி எடுக்கலாம் போலிருந்தது. எடுக்கவில்லை. "சரிங்க சார்" என்றார். அந்த 'சரிங்க சார்' அவர் வாயில் ஊத்தை மாதிரி ஒட்டிக்கொண்டது.

பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தாளாளர் கேட்டதைச் சொன்னார்.

"நான் சொன்னது பொய்யா டீச்சர்?"

"பொய் இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

"நாலு வார்த்தை. வாயாலதானே சொல்றே, மனசால ஏன் சொல்லணும்? பிடிவாதம் பிடிச்சா சீட்டு போயிடும்டா கண்ணு. உங்கம்மாவ நெனச்சுப் பாரு."

அவள் கொஞ்ச நேரம் மேஜையை நகத்தால் சுரண்டினாள். "நீங்களும் என்கூட எழுந்து நின்னு, ஆமா, இவ சொல்றது நிஜம்தான்னு சொல்லுங்களேன். ரெண்டு பேர் சொன்னா கேப்பாங்க இல்ல?"

இதைவிட நியாயமான சந்தேகத்தை அவள் கேட்டதே இல்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் ஆணி அடித்த ஜன்னல்.

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்றார்.

சொன்னதும் தன் குரலே தனக்கு அருவருத்தது. இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் உரிமை, கடமை, துணிவு என்று எழுதி எழுதிச் சாக்பீஸைத் தேய்த்த கை இதுதானா என்று இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. எங்கே தலை குனிய வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று விழா ஒத்திகையைப் போலவே சொல்லிக்கொடுத்தார். தெரிந்த தொழில்தானே!

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் சட்டென்று, "அழணுமா டீச்சர்?" என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"அழுதா நல்லது" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை அவள் எல்லார் முன்னாலும் நின்று பொளந்துகட்டினாள். குனிய வேண்டிய இடத்தில் குனிந்தாள், உடைய வேண்டிய இடத்தில் உடைந்தாள். "என்னைப் பெத்தவங்களுக்குச் சமமான இந்தப் பள்ளிக்கூடத்தின் மேலே பழி போட்டுட்டேன்" என்று டீச்சர் சொல்லிக்கொடுக்காத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாளாளர் நெகிழ்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினார். "இதுதான் கல்வி! தப்பை உணர்ற மனசைக் குடுக்கிறதுதான் கல்வி!" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முந்தின நாள் விழுந்து விழுந்து சிரித்த அதே பிள்ளைகள்தான். தட்டச் சொன்னால் தட்டுவார்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். அவர்களையும் டீச்சர்தான் பழக்கியிருந்தார். பின்சுவர் ஓரமாகக் குழாய் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

மதியம் சான்றிதழை வாங்கிக்கொண்டு அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். நடத்தை 'மிக நன்று' என்று போட்டிருந்தது. டீச்சர் தனியாக இருந்தார்.

"எப்படி இருந்துச்சு டீச்சர்? அழுகை மட்டும் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டுதோ?"

டீச்சர், இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து அவள் கையைப் பிடித்தார். "நீ நேத்துக் கேட்டதுதான் சரி. அதை மட்டும் மறந்துடாதே."

அவள் சிரித்தாள். விவரம் தெரியாத குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

"தெரியும் டீச்சர். சரின்னு தெரிஞ்சுதானே மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க" என்றாள். பிடித்த கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டு, காகிதம் மடங்காமல் உறைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அடுத்த வருஷ விழாவுக்குச் சின்னப் பசங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க டீச்சர். லீவு போட்டுட்டு வரேன்."

குத்திக்காட்டத்தான் சொல்கிறாளோ என்று டீச்சர் ஆசை ஆசையாக அவள் முகத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. மனதாரத்தான் சொன்னாள்.