எண் ஒட்டிய கற்கள்

ஒப்பாரி வட்டத்திலிருந்து பாதி எழுந்த சோலையம்மாளைக் கட்டிக்கொண்டிருந்த கைகள் மறுபடி இழுத்து உட்காரவைத்தன. வாசலில் இரண்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் வந்த சனத்துக்குக் கருப்பட்டிக் காப்பி, மற்றதில் வெந்நீர். அடுப்புக்கு மூன்றாக ஆறு கறுப்புக் கற்கள். உள்ளே பிணமாய்க் கிடக்கும் அவள் புருஷன் முத்துக்கருப்பனின் கற்கள்.

“பஞ்சு, அந்தக் கல்ல ஆரு எடுத்தது?”

“எந்தக் கல்லு மதினி?” நாத்தனார் பஞ்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். “பெட்டியில கெடந்துச்சே, அதா? ஒங்க அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாக.”

முத்துக்கருப்பன் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவன். பிறகு விருதுநகரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். எரிமலைக் குழம்பு இறுகிய கற்களைப் பம்பாய்ப் பக்கத்து மலைகளிலிருந்து வரவழைத்து, ஐந்து வருஷமாக வீட்டிலேயே சூடாக்கி அளந்தான். உலை ஊதியதும் கற்களை எடுத்து வைத்ததும் சோலையம்மாள்தான்.

“மத்தாப்பு செவப்பா எரிஞ்சா உள்ள என்ன மருந்துன்னு எட்ட நின்னே சொல்லுதோம்ல? கல்லும் அப்படித்தான். வெளிச்சத்துக்குப் பதிலா கண்ணுக்குத் தெரியாத சூட்ட விடும். அதப் பிரிச்சுப் பாத்தா எந்தக் கல்லுன்னு தெரிஞ்சுபோகும். செவ்வாய்க் கிரகத்துல எறங்காமலே அங்கன கெடக்குற கல்லுக்குப் பேரு சொல்லிரலாம் சோல,” என்பான்.

அது 1969. போன வாரம்தான் அமெரிக்காக்காரனின் விண்கலங்கள் அப்படி ஒரு கருவியோடு செவ்வாயைக் கடந்து போயிருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அந்தச் செய்தி வந்த பேப்பரை மூன்று தடவை படித்தான். அதற்கு முன்பே அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர் அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தார்: அளவுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அதே கற்களை நானும் அளந்து பார்த்தால்தான் நம்ப முடியும், எண்ணோடு அனுப்புங்கள். காகிதத்தில் எண் எழுதி ஒட்டி, பெட்டியில் அடுக்கியாயிற்று. தபாலுக்குக் கொண்டுபோகும் முன் நெஞ்சுவலி வந்துவிட்டது.

“அண்ணே!” என்றாள். வெம்பக்கோட்டையிலிருந்து வந்திருந்த தங்கச்சாமி வாசற்படியில் குனிந்தார். “அடுப்ப அணைக்கச் சொல்லு. அந்தக் கல்லு வேணும்.”

“கல்லா?” அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “புருசன் கெடக்கயில அடுப்புக் கல்லக் கேட்டா ஊரு என்னத்தா சொல்லும்? பேசாம இரு.”

“அம்புட்டும் நம்பர் போட்ட கல்லுண்ணே...”

அவர் போய்விட்டார். கிழவி ஒருத்தி அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு பாட ஆரம்பித்தாள். தோளுக்கு மேலாகச் சோலையம்மாள் தீயைப் பார்த்தாள். யாரோ இன்னொரு விறகைத் திணித்தார்கள். பற்களைக் கடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தடவினார்கள்.

பாடை கிளம்பியது. தெருமுனை வரை போய், பெண்களோடு திரும்பி, தலையில் ஊற்றிய தண்ணீரைத் துவட்டாமல் நேரே அடுப்புக்குப் போனாள். காகிதம் ஒன்றுகூட மிச்சமில்லை.

“பஞ்சு, வெத்தலப் பெட்டியில சுண்ணாம்பு இருக்கும். எடுத்தா.”

“இப்ப இதுவா மதினி முக்கியம்?”

சோலையம்மாள் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பஞ்சம்மாள் உள்ளே போய் எடுத்து வந்தாள்.

சூடு ஆறாத கல்லை ஈர முந்தானையால் பிடித்துத் தூக்கினாள். அம்மைத் தழும்பு போலக் குழிகள். “மூணு.” பஞ்சம்மாள் சுண்ணாம்பால் எழுதினாள். ஓரம் அறுத்தது: “ஒண்ணு.” பச்சைக் கோடு ஓடியது: “ஆறு.” மற்றவற்றைவிட லேசானது: “நாலு.”

மிச்சம் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வடிவம். முந்தானையை மடித்துப் பிடித்துக் கைக்கு ஒன்றாகத் தூக்கினாள்.

“இது ரெண்டா, அஞ்சா மதினி?”

“பொறு.”

கண்மாய்க்கரைச் சுடுகாட்டுப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டு, அடங்கியது. இரண்டு கல்லையும் கை மாற்றிப் பிடித்து எடை பார்த்தாள். மறுபடி மாற்றினாள். பஞ்சம்மாள் விரலில் சுண்ணாம்போடு காத்திருந்தாள். சோலையம்மாளின் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்லில் விழுந்து, விழுந்த இடத்திலேயே காய்ந்தது.